கேஸ்: உண்டு / இல்லை

5 மார்ச் 2024, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே ஒரு தாளோடு மல்லுக்கட்டு. வெல்டிங் பயிற்சிக்கான விண்ணப்பப் பாரம். மலாயில் வந்ததை நான் தமிழில் செய்து கொடுக்க வேண்டும். மானியம் கொடுப்பவர்கள் ஒரு விஷயத்தில் கறார். இது குற்றத் தடுப்புக்கான மானியம், ஆகவே இருபது இடத்தில் குறைந்தது பன்னிரண்டு போலிஸ் பதிவு உள்ளவர்களுக்குப் போக வேண்டும். மீதி எட்டு, அதே வட்டாரத்தில் வேலை இல்லாத யாருக்கும்.

'குற்றப் பதிவு விவரம்' என்று எழுதி வைத்திருந்தேன். பயிற்றுநர் பத்துமலை அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னாம்மா இது, பள்ளிக்கூடத் தமிழு. போலிஸ் கேஸ்னு போடுங்க லா. ரப்பர் தோட்டத்து ஆளு யாருக்கும் புரியும்."

சரிதான். எழுதினேன். பிறகு அந்த 'போலிஸ்' உறுத்தியது. ஒருவர் தொழில் கற்க வருகிறார். அவர் கையில் முதலில் கொடுக்கும் தாளிலேயே போலிஸா? அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது:

கேஸ்: உண்டு / இல்லை. உண்டு என்றால் எத்தனை ஆண்டு? எந்த இடம்?

மென்மையாக இருக்கிறது. மையத்தை நடத்தும் பிரமிளா அக்காவும் பார்த்துத் தலையாட்டினார். ஐம்பது பிரதி எடுத்தாயிற்று.

6 மார்ச்

அம்மா: "உந்தத் தோட்டப் பக்கம் தனியக் கார் ஓட்டிக்கொண்டு போகப் போறியோ? அவையள் கத்தி எடுத்தால் என்ன செய்வாய் பிள்ளை?" நான் பேச்சை மாற்றினேன். தொடங்கினால், யார் எங்களைப்போல் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தார்கள், யார் பால்மரம் வெட்ட வந்தார்கள் என்பது வரை போகும்.

19 மார்ச், செவ்வாய்

சுங்கை சிப்புட் சாலையில் போய் உள்ளே திரும்பினால் அந்த இடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் பாதி போய் மலிவு விலை வீடுகள் வந்துவிட்டன. பலகையில் தாமான், அதாவது குடியிருப்பு, என்று போட்டிருக்கிறது. ஆனால் வழி கேட்டால் எல்லோரும் "தோட்டமா?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள்.

கோயில் மண்டபத்தில் பதிவு. காலையில் முப்பத்திரண்டு பேர். பத்துமலை அண்ணன் ஒலிபெருக்கி இல்லாமலே ஒவ்வொரு வரியாக உரக்க விளக்கினார். "கேஸ் உள்ளவன் மறைக்காத, அதுக்குத்தான் எடமே இருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். சிலர் வெட்கத்தோடு 'உண்டு' என்பதை வட்டமிட்டார்கள்.

அவர் சாப்பிடப் போன பிறகு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பவித்ரன், முப்பது வயது இருக்கும். மற்றவர் ஒரு பெண், தினேஸ்வரி, இருபத்தேழு. உயரம். கட்டைவிரலுக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு. பாரத்தை நின்றுகொண்டே நிரப்பினாள். பவித்ரன் 'இல்லை' என்று போட்டிருந்தார். அவள் எழுதியது:

உண்டு. 2 ஆண்டு. ஜெலாப்பாங்.

தாளை நீட்டியபோது என்னை நேராகப் பார்த்தாள், ஒரு கூச்சமும் இல்லாமல். கூசியது எனக்குத்தான். மேலே ஏதாவது கேட்டிருக்க வேண்டும். "நன்றி" என்றேன்.

22 மார்ச், வெள்ளி

ஆள் தேர்வு முடிந்தது. 'உண்டு' என்று எழுதியவர்கள் சரியாகப் பன்னிரண்டு பேர், தினேஸ்வரியைச் சேர்த்து. மீதி எட்டு இடத்துக்கு இருபத்திரண்டு பேர். பவித்ரனுக்குக் கிடைக்கவில்லை. போனில் சொன்னேன். "பரவால்ல மிஸ்" என்றார். அந்தப் பரவாயில்லையை இன்று முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

மானியக்காரர்களின் அட்டவணையில் அவள் பெயருக்கு நேரே தண்டனைக் காலம் என்ற கட்டத்தில் 2 ஆண்டு என்று நானே தட்டச்சு செய்தேன். ஜெலாப்பாங்குக்குப் பக்கத்தில் காவல் நிலையம் என்பதையும் நானே சேர்த்தேன். மற்றவர்களுக்கெல்லாம் அடிதடி, அபராதம், எச்சரிக்கை. இவளுடையதுதான் பெரியது.

15 ஏப்ரல், திங்கள்

பெருநாள் விடுமுறை முடிந்து ஜெலாப்பாங் பட்டறையில் முதல் வகுப்பு. மற்றவர்கள் வெல்டிங் டார்ச்சைப் பாம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்கள். தினேஸ்வரி தீயைத் திறந்து, நீலத்தைக் கூர்மையாக்கி, அரை அங்குல இரும்பைப் பிட்டு வெட்டுவதுபோல வெட்டினாள்.

"இதுக்கு நான் என்னாத்த சொல்லிக் குடுக்கறது?" என்றார் பத்துமலை அண்ணன். "என் கையே இப்படி நேரா போவாது லா."

உள்ளே கற்றுக் கொடுத்திருப்பார்களோ? பெண்கள் சிறையில் தையல்தான் என்று நினைத்திருந்தேன்.

2 மே, வியாழன்

அவளுக்கு மட்டும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிப் போகிறேன், வாரத்தில் இரண்டு நாள். ஏன் என்று என்னையே கேட்டால் பதில் நன்றாக இல்லை.

என்ன செய்திருப்பாள்? போதைப்பொருளாக இருந்தால் இரண்டு ஆண்டோடு நிற்காதே. திருட்டா? அந்தக் கைகளைப் பார்த்தால் திருட்டாகத் தோன்றவில்லை. கணவன் ஒருவன் இருந்திருப்பான், குடித்துவிட்டு அடித்திருப்பான், ஒருநாள் அவள் பொறுக்கவில்லை... இது நான் படித்த நாவல்களிலிருந்து எடுத்த கதை, தெரிகிறது. தெரிந்தும் தினமும் ஒரு வரி சேர்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குப் பதிலாக அவளை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

5 மே

வாய் தவறி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "என்ன செய்தவளாம்?" தெரியாது என்றேன், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம் என்றேன். "ஒண்டும் செய்யாமலோ ரெண்டு வருஷம் போடுறாங்கள்?" அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தவே இல்லை.

அம்மாவைவிட நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

11 ஜூன், செவ்வாய்

இடைக்கால அறிக்கை. "எண்ணிக்கை மட்டும் போதாது சுபா, ஒரு கதை வேணும். அவங்களுக்கு மனசத் தொடணும்" என்றார் பிரமிளா அக்கா. எழுதினேன். பெயர் போடாமல், 'சிறைக் கதவிலிருந்து பட்டறைக் கதவுக்கு'. முகமூடி அணிந்து தீப்பொறிக்கு நடுவே நிற்கும் ஒரு பெண். நன்றாக வந்திருக்கிறது. நன்றாக வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பிரமிளா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் ஏன் நிம்மதியாக இல்லை?

24 ஜூலை, புதன்

லூமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு தளம் எங்கள் ஆட்களில் ஆறு பேரை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. பட்டியலை நான்தான் அனுப்பினேன், எல்லாக் கட்டங்களோடும். இன்று பதில் வந்தது. ஐந்து பேருக்கு வேலை. தினேஸ்வரிக்கு இல்லை.

பக்கத்திலேயே கடற்படைத் தளம், நுழைவு அனுமதிக்குப் பின்னணி பார்ப்பார்களாம். சின்னச் சின்னப் பதிவு பரவாயில்லை, இரண்டு ஆண்டு என்றால் முடியாது என்றார் போனில் பேசிய அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். குற்றத்திலிருந்து ஆளை மீட்க மானியம். மீட்ட ஆளை நிறுத்த அதே மானியத்தின் பட்டியல். கோபம் கோபமாக வருகிறது. நாளை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

25 ஜூலை, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

பட்டறைக்குப் பின்னால், கேஸ் தோங்குகள், அந்த உயரமான சிலிண்டர்கள், சங்கிலி போட்டு நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். "லூமுட்டுல முடியாதுன்னுட்டாங்க. அந்தப் பழைய விஷயத்தப் பாத்துட்டு."

"என்னா பழைய விசயம்?"

"அந்த ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருசம் பத்தாதாமா? ஆறு பேர்ல என் கட்டிங்தான் நேரா இருக்குன்னு இன்டர்வியூ எடுத்த அந்த என்சிக் சொன்னாரே மிஸ்!"

குரலைத் தணித்தேன். "வேலையப் பத்தி இல்ல தினேஸ்வரி. உங்க கேஸு. பாரத்துல எழுதினீங்களே. ஜெலாப்பாங், ரெண்டு வருஷம்னு."

"கேஸா?" என்றாள். நான் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்தாள். பிறகு அவள் பாணியில், முதல் எழுத்தை அழுத்தி இன்னொரு முறை. பக்கத்தில் நின்ற தோங்கைத் தட்டினாள். "நான் எழுதுனது இது மிஸ். கேஸு. இங்க மூணு ரோடு தள்ளி, ஆ கியோங் பெசி புருக் கடை. பழைய லோரி, பழைய பாலம், எல்லாத்தயும் ரெண்டு வருசம் கேஸ் புடிச்சு வெட்டியிருக்கேன். வெல்டிங் கிளாஸ் பாரம், கேஸ் தெரியுமான்னு கேக்கறீங்க, தெரியும்னு எழுதுனேன்."

பழைய இரும்புக் கடை. வெட்டும் கேஸ்.

வழக்கு கேஸ், வாயு கேஸ்: சொல்லும்போது இரண்டும் வேறு வேறு ஒலி. எழுதினால் தமிழில் ஒரே எழுத்து. ஒருமுறை, ஒரே ஒருமுறை, வாய்விட்டுக் கேட்டிருந்தால் போதும்.

அவள் முதலில் சிரித்தாள். தோங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஐயோ, என்னைய செயிலுக்குப் போனவன்னா நெனச்சீங்க!" நானும் சிரித்துவிட்டேன், வெட்கங்கெட்டு. அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"அப்ப நாலு மாசமா என்னைய அப்படித்தான் பாத்துட்டு இருந்தீங்களா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அந்த நாசி லெமாக்கு... அதுவும் அதுக்குத்தானா?"

கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மதியம் முழுக்க வெட்டினாள். 

26 ஜூலை

போலிஸ் என்ற சொல்லை ஏன் எடுத்தேன்? அவர்கள் மனம் நோகக் கூடாதென்றா? பொய். என் மனம் நோகக் கூடாதென்று. நல்லவ மாதிரி தெரியணும்னு. வெல்டிங் பாரத்துல கேஸ்னா என்னான்னு ஒரு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்கு மட்டும் ஏன் தெரியல? அவ தோட்டத்துலருந்து வந்தா. அவ்வளவுதான் காரணம். நம்ம சொந்தக்காரப் பெண் யாராவது அதே வரிய எழுதியிருந்தா நான் என்னா நெனச்சிருப்பேன்? "என்ன இது, கேஸ் அடுப்பா?"ன்னு கேட்டுச் சிரிச்சிருப்பேன். கேட்டிருப்பேன்ல? கட்டாயம் கேட்டிருப்பேன்.

கத்தியைப் பற்றி அம்மா பயந்தது வாயால். நான் பயந்தது எழுத்தால்.

29 ஜூலை, திங்கள்

பிரமிளா அக்காவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திருத்தம் அனுப்பினா பன்னெண்டு பதினொண்ணாயிடும். நிபந்தனையே போச்சு. அந்தக் கதை வேற அனுப்பியிருக்கோம்." பிறகு, "லூமுட்டுக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லேன். பட்டியல் அப்படியே இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்ல."

ஆசையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. போன் செய்தேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும், மானியம் கொடுத்தவர்களுக்கும் ஒரு பிரதி போக வேண்டும் என்றார்.

பத்துமலை அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நான் போலிஸ் கேஸுன்னுதானேம்மா சொன்னேன்" என்றார், மெல்ல. பிறகு திடீரென்று, "இருங்க, அப்ப அந்தப் பவித்ரன்? இல்லன்னா போட்டான்? தைப்பிங் செயில்ல பதினாலு மாசம் இருந்துட்டு வந்தவன்மா அவன்!"

1 ஆகஸ்ட், வியாழன்

கடிதத்தை அனுப்பிவிட்டேன், பிரதியோடு. 'தமிழ்ப் பாரத்தைத் தயாரித்தவர் செய்த பிழை. விண்ணப்பதாரர்மீது எந்தக் குற்றப் பதிவும் இல்லை. இடைக்கால அறிக்கையில் வந்த கதை உண்மையல்ல; அதை எழுதியது நான்.' பிரமிளா அக்கா கையெழுத்துப் போட மறுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

பவித்ரன் வீட்டுக்குப் போனேன். லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை, தினமும் இருக்காது. வாசலில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"நான் கேஸ் புடிச்சதே இல்ல மிஸ். எப்படி உண்டுன்னு போடுறது? பொய் சொல்லி மாட்டுனா மறுபடி உள்ள போட்டுருவாங்களேன்னு இல்லன்னு போட்டேன்." சிரித்தார். "வாழ்க்கையில மொதத் தடவையா ஒரு பாரத்துல உண்மைய எழுதுனேன், பாத்தீங்களா?"

அடுத்த அணியில் முதல் பெயர் உங்களுடையது என்றேன். அடுத்த அணி என்று ஒன்று இருந்தால் என்று சொல்லவில்லை.

20 ஆகஸ்ட்

லூமுட்டிலிருந்து: பின்னணியை மறுபடி பார்ப்பார்கள், அடுத்த சேர்க்கை ஜனவரியில், அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது. தினேஸ்வரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக். ஒரு மணி நேரம் கழித்து 'ஓகே'.

14 செப்டம்பர், சனி

சான்றிதழ் கொடுத்த நாள். மண்டபம் காலியான பிறகு நாற்காலி அடுக்க அவள் நின்றாள். நானும் அடுக்கினேன். இருபதாவது நாற்காலியை அடுக்கும்போது கேட்டாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டா? என்ன கேஸ்னு நெனச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். யோசிக்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"புருஷன வெட்டியிருப்பீங்கன்னு" என்றேன்.

அவள் கையிலிருந்த நாற்காலியோடு அப்படியே நின்றாள். "எனக்குக் கல்யாணமே ஆவலயே மிஸ்."

"தெரியும். இப்போ தெரியும்."

"யாரயாச்சும் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாங்களே." சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சான்றிதழைத் திறந்து காட்டினாள். என் கண்ணில் அதுவரை படாத ஒன்று. பயிற்சியின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், மலாயில்: குற்றத் தடுப்புத் திட்டத்தின் கீழ்.

"இத எங்க காட்டுனாலும் மொதல்ல இதத்தான் படிப்பாங்க" என்றாள். நாற்காலியை வைத்துவிட்டுப் போனாள்.

15 செப்டம்பர்

அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாவம் பிள்ளை" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கவில்லை. இனிமேல் கேட்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகும் கேட்கவில்லை.

21 அக்டோபர், திங்கள்

இறுதி அறிக்கை. தீபாவளிக்கு முன்னால் அனுப்பியாக வேண்டும்.

செய்தி கொண்டுவந்தவர் பத்துமலை அண்ணன். தினேஸ்வரி மூன்று வாரமாக ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகு பழுதுபார்க்கும் இடத்தில் இருக்கிறாள். "சர்டிபிகேட்டக் காட்டவே இல்லையாம்மா. தவுக்கே, அதான் மொதலாளி, ஒரு தகட்டக் குடுத்தானாம், வெட்டுனாளாம், நாளைக்கு வான்னானாம்."

"வேலை கிடைச்சவங்க கணக்குல போடு" என்றார் பிரமிளா அக்கா உடனே. போடுவதற்கு முன் அவளைக் கேட்க வேண்டும் என்றேன். கேட்டேன், எல்லோர் முன்னாலும், போனை ஸ்பீக்கரில் போட்டு. பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம், காகங்கள்.

"வேணாம் மிஸ். என் பேர எடுத்துருங்க."

"வேலை கிடைச்ச கட்டத்திலருந்து மட்டுமா?"

"எல்லாத்துலருந்தும். அந்த லிஸ்ட்லயே நான் இல்லாத மாதிரி."

"அப்படின்னா நீங்க இங்க படிச்சதுக்கே பதிவு இருக்காது தினேஸ்வரி."

"இருக்க வேணாம்னுதான் கேக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "கோவத்துல சொல்லல மிஸ். தவுக்கே கூப்புடுறான், வைக்கிறேன்."

பிரமிளா அக்கா என் மேசைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இருபதுக்குக் கீழ போனா அடுத்த தடவ நமக்குத் தர மாட்டாங்க. ஏற்கெனவே ஒரு கடுதாசி போயிருக்கு. தெரியும்ல?"

"தெரியும்."

"பவித்ரனுக்கு வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்க."

அதுவும் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நியாயம் செய்ய ஒரு எண் இருக்குமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு எண் இல்லை. பிரமிளா அக்கா எழுந்தார், எனக்கும் சேர்த்து டீ கலக்கப் போனார்.

பயிற்சி முடித்தவர்கள் என்ற கட்டத்தில் 19 என்று போட்டேன். அனுப்பினேன். பிறகு போனை எடுத்து, அன்று வாசலில் சொல்லாமல் விட்டதைச் சொல்லப் பவித்ரனைக் கூப்பிட்டேன்.